மீன் கடைசியில்தான்

அன்புள்ள தேன்மொழி,

உன் கடிதம் கிடைத்தது. புது வீட்டு ஹாலில் இரண்டடித் தொட்டி வைத்து, நத்தை ஓட்டுக்குள் குடியிருக்கும் சிக்லிட் வளர்க்கப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். மாமாவுக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் உடனே மீன் வாங்கக் கிளம்பிவிடாதே. முதலில் தண்ணீர், அப்புறம் மணலும் ஓடும். மீன் கடைசியில்தான்.

இவற்றின் ஊர் ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரி. பைக்காலுக்கு அடுத்தபடி உலகிலேயே ஆழமான ஏரி அது. அங்கே மட்டுமே வாழும் நியோதௌமா என்ற நத்தை செத்துப்போனாலும் ஓடு லேசில் கரையாது. தண்ணீரின் காரத்தன்மை அப்படி, பி.எச். 9-ஐ ஒட்டி இருக்கும். ஏரித்தரையில் சில இடங்களில் ஓடுகள் படுகை படுகையாகக் குவிந்து கிடக்கின்றன. பாறை இல்லாத வெறும் மணல்தரையில் சின்ன மீனுக்கு அதைவிட்டால் ஒளிய இடம் ஏது? நீ ஆசைப்படும் மல்டிஃபேசியேட்டஸில் ஆண் 4, 5 செ.மீ., பெண் 3 செ.மீ.தான். ஓட்டுக்குள் நுழையும் அளவுக்கே வளரும் மீன். அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் அந்த ஓடுகள் இல்லை, ஓடுகள் இல்லாவிட்டால் இந்த மீனும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றும்.

சென்னையில் எனக்குத் தண்ணீர் சுலபமாக அமைந்துவிட்டது. எங்கள் போர் தண்ணீர் பட்ட இடமெல்லாம் வெள்ளை படியும். இந்த மீனுக்கு அதுதான் வேண்டும். உனக்கு வருவது சிறுவாணித் தண்ணீர். குடிக்க அமிர்தம், ஆனால் கடினமில்லாத தண்ணீர் என்பதால் இவற்றுக்கு ஆகாது. கிளிஞ்சலை உடைத்துக் கழுவி, துணிப்பையில் கட்டி ஃபில்டருக்குப் பக்கத்தில் போடு. கிளிஞ்சலாகவே போட வேண்டும். சுட்டு நீற்றிய சுண்ணாம்பு கொஞ்சம் விழுந்தாலும் பி.எச். தாறுமாறாக ஏறி மீன் செத்துவிடும். சமையல் உப்பும் வேண்டாம், அது தண்ணீரைக் கடினமாக்காது. டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி, பி.எச். 8-க்குக் குறையாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே இரு.

காரத் தண்ணீரில் அம்மோனியாவின் விஷம் அதிகம். மற்ற தொட்டிகளில் தாங்கும் அளவே இங்கே மீனைக் கொன்றுவிடும். அதனால் ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீவனம் போட்டு, நான்கு முதல் ஆறு வாரம் பொறு. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீனை விட வேண்டும்.

மணல் மாவாகச் சலித்த பொடி மணலாக இருக்கட்டும், 5 செ.மீ. உயரத்துக்கு. வாயால் அள்ளி அள்ளித் துப்பி, ஓட்டைச் சுற்றிப் பள்ளம் பறிப்பதுதான் இவற்றின் முழுநேர வேலை. கூழாங்கல்லில் அது நடக்காது. ஓட்டுக்கு அம்மாவிடம் சொல்லி ஊரிலிருந்து வயல் நத்தைக் கூடு வரவழை. காலியானதாகப் பார்த்துப் பொறுக்கி, கொதிக்கவைத்து, நாற்றம் போகும்வரை ஊறவை. தண்ணீருக்குள் சாய்த்து, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு வை. ஒரு மீனுக்கு இரண்டு மூன்று ஓடு என்று தாராளமாகவே போடு. வீடு போதாவிட்டால் சண்டை வரும். கூடவே கப்பியோ டெட்ராவோ சேர்க்காதே. தரை முழுக்க இவற்றுக்கே இருக்கட்டும்.

மீன் விட்ட பிறகு உள்ளே கைவிட்டு எதையும் ஒழுங்குபடுத்தாதே. தாய் ஓட்டுக்குள்ளேயே முட்டையிடுவதால் உனக்கு ஒன்றும் தெரியாது. திடீரென்று ஒருநாள் ஓட்டு வாயில் கண்ணும் வாலுமாகக் குஞ்சுகள் தெரியும். வளர்ந்த பிள்ளைகளைத் துரத்தாமல் இரண்டு மூன்று தலைமுறை பக்கத்துப் பக்கத்து ஓடுகளில் சேர்ந்து இருக்கும். அதைப் பார்க்கத்தான் இவ்வளவு பாடும். இதே ஏரியில் காலிப்டெரஸ் என்று இன்னொரு இனம் உண்டு. அதில் ஆண், ஓட்டுக்குள் நுழையவே முடியாத அளவுக்குப் பெரிது. ஓடுகளை வாயால் கவ்விவந்து குவித்து வைக்கும். பெண் உள்ளே போய் முட்டையிடும். உன் தொட்டிக்கு அது வேண்டாம், கதைக்குச் சொன்னேன்.

டெஸ்ட் கிட்டில் என்ன காட்டுகிறது என்று வாரம் ஒருமுறை எழுது. கடையில் வாங்காதே, என்னிடம் குட்டிகள் இருக்கின்றன. தண்ணீர் தயாரானதும் ராத்திரி ரயிலில் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். அத்தையும் வருவதாகச் சொல்கிறாள்.

அன்புடன்,
மாமா