பூமிக்கு அடியில் ஒரு மாளிகை

ஐரோப்பாவில் வேலை பார்க்கும் என் நாத்தனார் மகள் அங்குள்ள பழைய அரண்மனைப் படங்களை அனுப்பி, "நம்ம பக்கம் இப்படி ஏதாவது இருக்கா, மாமி?" என்று கேட்டிருந்தாள். அவளுக்கான பதிலைப் போன சித்ரா பௌர்ணமிக்குத்தான் பார்த்தேன்.

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பாலாற்றைத் தாண்டினால் ஐயங்கார்குளம். பெயருக்கேற்ற பெரிய குளம். அருகே சஞ்சீவிராயர் என்ற ஆஞ்சநேயர் கோயில். விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயரின் (1586–1614) ராஜகுரு லக்ஷ்மி குமார தாதாசாரியார் அமைத்தவை இவை. பெண்கள் பலருக்குக் கல்யாணம் செய்து வைத்ததால் இவரைக் 'கோடி கன்னிகாதானம்' தாதாசாரியார் என்பார்கள்.

கோயிலுக்குப் பக்கத்தில் நடவாவிக் கிணறு. நடந்தே இறங்கும் வாவி! கல் வாசல், கீழே போகும் படிகள், அடியில் தூண்கள் சூழ்ந்த மண்டபம், அதன் நடுவே கிணறு. வருஷம் முழுக்க மண்டபம் தண்ணீரில் மூழ்கியிருக்கும். சித்ரா பௌர்ணமிக்கு முன்னால் தண்ணீரை இறைத்து விடுவார்கள். அன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் எழுந்தருளி, உள்ளே இறங்கி மண்டபத்தை மூன்று முறை வலம் வருவார். பிறகு பாலாற்றுக்குப் புறப்படுவார்.

நம் நூறு ரூபாய் நோட்டின் பின்பக்கம் பாருங்கள். குஜராத்தில், பாடன் நகரில் உள்ள 'ராணி கி வாவ்' இருக்கும். 11-ம் நூற்றாண்டில் உதயமதி ராணி கட்டிய படிக்கிணறு. அங்கே வாவ், இங்கே வாவி!

திருவிழாக் கூட்டத்துக்குப் பயந்து, மறுநாள் காலையில் போனோம். மாமியாருக்கு முட்டி வலி. "நீங்க மேலேயே உட்காருங்கம்மா" என்றேன். "கல்யாணமான புதுசுல இறங்கினது. அடுத்த சித்திரைக்கு நான் இருப்பேனோ என்னமோ" என்றார். அதற்கு மேல் தடுக்க மனசு வரவில்லை. ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து, என் தோளைப் பிடித்து, அரை மணி நேரத்தில் இறங்கி விட்டார்!

உள்ளே வெயில் தெரியாத குளிர்ச்சி. தூண்களில் அழகழகான சிற்பங்கள். மாமியார் கிணற்று நீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஊத்து வந்துட்டிருக்கு பாரு. கொஞ்ச நாள்ல எல்லாம் மறைஞ்சிடும்" என்றார்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. படிகள் ஈரத்தில் வழுக்கும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள். கைக்குழந்தையோடு இறங்க வேண்டாம். பாட்டில், பிளாஸ்டிக் பை எதையும் உள்ளே போடாதீர்கள்; அது ஊற்றுக் கண்.

திரும்பும்போது, "இதை அரண்மனைன்னு சொல்லலாமாம்மா?" என்று கேட்டேன்.

"ஏன் சொல்லக் கூடாது? வருஷத்துக்கு ஒரு நாள் எங்க ராஜா வர்றாரே!" என்றார் மாமியார்.

நாத்தனார் மகளுக்கு நான் படம் அனுப்பவில்லை. அடுத்த சித்திரைக்கு லீவு போட்டு வரச் சொல்லியிருக்கிறேன். பாட்டியை ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே!