நிறுத்திவிடலாமா அக்கா?

வெள்ளி, இரவு

வீட்டு ஜெபக்கூட்டம் முடிய ஒன்பதரை ஆகிவிட்டது. ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேற்பகுதி) தைக்கிற தங்கை ஒருத்தி, கம்பெனி பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து நேரே வந்திருந்தாள். விரல் நுனிகளில் பசை காய்ந்து தோல் உரிந்திருந்தது. பாட்டுப் புத்தகத்தின் தாளைப் புறங்கையால் தள்ளித்தான் திருப்பினாள். கணவருக்குச் சிறுநீரகம் பழுது. வேலூரில் டயாலிசிஸ் நடக்கிறது. ஜெபக் குறிப்பு சொல்லும் முறை வந்தபோது, "ஒண்ணும் இல்லக்கா" என்றாள். எல்லோரும் போன பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "இவ்வளவு நாளா அழுது கேட்டாச்சு. நிறுத்திடலாமாக்கா? எனக்கு விசுவாசம் பத்தலையாம், அதான் பதில் வரலையாம். சொல்றாங்க."

எனக்குக் கோபம் பொங்கியது. நோயாளியின் வீட்டுக்காரியிடம் இதைச் சொல்ல எப்படி மனம் வருகிறது? தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி பவுல் மூன்று தரம் வேண்டினார், நீங்கவில்லை. பவுலுக்கா விசுவாசம் குறைவு? "நிறுத்தாதம்மா. உனக்கு வாய் வராத நாள்ல உனக்காக நாங்க கேக்கறோம்" என்று சொல்லி அனுப்பினேன்.

செவ்வாய், வேலூர்

அவளுடன் நானும் வந்தேன். கணவரை உள்ளே அழைத்துப் போனதும் இருவரும் காத்திருந்தோம். சி.எம்.சி. மருத்துவமனையில் உட்கார்ந்துகொண்டு, அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? பேசினேன்.

1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாயாரின் உடல்நலக் குறைவால் அமெரிக்காவிலிருந்து திண்டிவனத்துக்கு வந்திருந்த இளம்பெண். திரும்பிப் போய்விடத்தான் எண்ணம். ஓர் இரவு மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, பிரசவ வேதனையில் துடிக்கும் மனைவிக்கு உதவக் கேட்டு வந்தார்கள். டாக்டரான அப்பாவை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. ஆண் டாக்டர் வரக் கூடாது என்று மூவரும் போய்விட்டார்கள். ஐடா அன்றிரவு தூங்கவில்லை. ஜெபத்திலும் தவிப்பிலும் கழித்தார். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

நம் மேடைகளில் இதைச் சொல்லும்போது, மூன்று சாவுகளையும் வேகமாகத் தாண்டி ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறோம். அந்தக் குடும்பங்களுக்கு அது எந்த விதத்திலும் பதில் ஆகாது. பின்னால் எழுந்த கட்டடம் அந்த உயிர்களுக்கு ஈடு என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அந்த இரவோடு ஐடா ஜெபத்தை விட்டுவிடவில்லை. கார்னெலில் மருத்துவம் படித்து 1899-ல் பட்டம் பெற்றார். 1900 தொடக்கத்தில் வேலூர் வந்தார். சில மாதத்துக்குள், யாருக்குத் துணையாக வேலை பழகலாம் என்று நம்பி வந்தாரோ, அந்த அப்பாவும் புற்றுநோயில் போய்விட்டார். அப்போது நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1902-ல் 40 படுக்கையோடு ஷெல் மருத்துவமனை. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி.

தங்கை நெடுநேரம் கழித்துக் கேட்டாள்: "அந்த மூணு பேரையும் அவங்க கடைசி வரைக்கும் மறக்கலதானேக்கா?"

மறக்கவில்லை என்றேன். ஜெபத்தில் நிலைத்திருப்பது என்று நான் நம்புவதும் இதைத்தான். கேட்டது கிடைக்காத நாளிலும் யாருக்காகக் கேட்டோமோ அவர்களைக் கைவிடாமல், அவர்களோடு ஆண்டவர் முன் மறுபடியும் போய் நிற்பது.

ஞாயிறு

ஆராதனைக்குப் பின் பெண்கள் ஐக்கியத்தில் பேசச் சொன்னார்கள். லூக்கா 18-ஆம் அதிகாரத்து விதவையை எடுத்துக்கொண்டேன். அநீதியுள்ள நியாயாதிபதியிடமே ஓயாமல் போனவள். நாம் போவதோ தகப்பனிடம்.

கூடவே அசரியா பேராயரைச் சொன்னேன். 1919-ல் தரங்கம்பாடியில் திருச்சபை ஒன்றிப்புக்காகக் கூடியவர்களில் முதன்மையானவர். பேச்சு, முறிவு, மறுபடி பேச்சு என்று 28 ஆண்டுகள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது அவர் இல்லை. 1945 ஜனவரி முதல் தேதியே காலமாகியிருந்தார். அவர் கேட்டதன் பலனில் உட்கார்ந்துதான் நாம் இன்று பாடுகிறோம். நம் ஜெபங்களில் சிலவும் நம் பேரப்பிள்ளைகளின் கையில் போய்ச் சேரலாம். அதற்காக இன்று கேட்காமல் விடுவதா?

கூட்டத்தில் முடிவானவை: இனி வெள்ளிக் கூட்டம் இரவு எட்டுக்கு, அப்போதுதான் கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டு வர முடியும். ஜெபக் குறிப்பு நோட்டில் பழைய பெயர்களை விட்டுவிட்டுப் புதிய பக்கம் தொடங்கும் வழக்கம் வேண்டாம்; வாராவாரம் எல்லாப் பெயரும் வாசிக்கப்படும். டயாலிசிஸ் நாட்களில் வேலூருக்குத் துணை போக நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.