இருபத்தாறு நிமிடங்கள்

நம் பங்கில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் உள்ளார். ஆலயப் பாடகர் குழுவில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆர்மோனியம் வாசித்து வருபவர். சென்ற ஆண்டு தவக்காலத்தில் அவருக்கு நெஞ்சுவலி கண்டது. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, மார்பினுள் வில்லாய் வளையும் இடத்தில் பலூன் போல் புடைத்திருப்பதாகவும், அது வெடிக்குமுன் அப்பகுதியை வெட்டியெடுத்துச் செயற்கைக் குழாய் பொருத்த வேண்டும் என்றும் மருத்துவர்கள் கூறினர். அறுவைச் சிகிச்சைக்கு முந்திய நாள் நாம் மருத்துவமனைக்குச் சென்று, அவருக்கு நோயில்பூசுதல் அளித்துத் திரும்பினோம்.

இறையருளால் அவர் பிழைத்தார். ஆனால் ஊரில் ஒரு பேச்சு பரவிற்று. இரத்த ஓட்டத்தை 26 நிமிடங்கள் முற்றிலும் நிறுத்தி வைத்தே அந்த வேலையைச் செய்தார்களாம். இதயம் துடிக்கவில்லை, மூச்சு இல்லை, மூளையின் மின்னலைகளும் அடங்கிக் கிடந்தன என்று மருத்துவரே குடும்பத்தாரிடம் சொன்னாராம். 'செத்துப் பிழைத்தவர்' என்றே அவரை எல்லாரும் குறிப்பிடலாயினர். நாமும் சும்மா இருக்கவில்லை. பாஸ்கா காலத்து ஞாயிறு ஒன்றில் இலாசரைப் பற்றிப் பிரசங்கிக்கையில், "நம் ஊரிலும் ஓர் இலாசர் இருக்கிறார்" என்றோம். பலர் கண்கலங்கினர். நமக்கும் உள்ளூரப் பெருமையாய் இருந்தது.

இரண்டு மாதங்கள் சென்றன. ஆசிரியர் நடமாடத் தொடங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டோம். ஆனால் ஆலயப் பக்கம் அவரைக் காணோம். ஆர்மோனியம் உறை போட்டபடியே கிடந்தது. ஒருநாள் மாலை அவர் இல்லம் சென்றோம். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டார்.

"சாமி, நான் செத்துப் பிழைத்தவன் என்று நீங்களே பீடத்தில் நின்று சொன்னீர்கள்" என்று அவர் தொடங்கினார். "சரி, 26 நிமிடம் செத்துத்தான் கிடந்தேன். அங்கே ஒன்றுமே இல்லை, சாமி. ஒளி இல்லை; குரல் இல்லை. எனக்கு முன்னால் போன என் மகளும் அங்கே இல்லை. இத்தனை வருஷம் கல்லறைத் திருநாளில் நான் வாசித்ததெல்லாம் யாருக்காக?"

நம்மிடம் விடை இல்லை. உடலினின்று ஆன்மா பிரிவதே மரணம் என்று குருமடத்தில் படித்திருந்தோம். அந்த 26 நிமிடங்களில் அது பிரிந்ததா என்பதைத்தான் அறியோம். மறுவாரம் அம்மருத்துவரையே தேடிச் சென்றோம். அவர் நம் மறையைச் சார்ந்தவர் அல்லர்; எனினும் பொறுமையுடன் விளக்கினார்.

மனித உடலின் வெப்பம் 37 பாகை. அந்நிலையில் இரத்தம் கிடைக்காத மூளை நான்கைந்து நிமிடங்களில் கேடுறத் தொடங்கும். ஆனால் உடல் குளிரக் குளிர, ஒவ்வொரு பாகைக்கும் பிராணவாயுவின் தேவை ஏறத்தாழ 6 அல்லது 7 விழுக்காடு குறைந்துகொண்டே போகும். கனடாவின் டொரான்டோ நகரில் வில்ஃப்ரெட் பிகிலோ என்னும் அறுவை மருத்துவர் இதனை நாய்களில் ஆராய்ந்து 1950-இல் வெளியிட்டார். 1952 செப்டம்பர் 2-ஆம் நாள் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜான் லூயிஸ் என்பவர், ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை 28 பாகைக்குக் குளிர்வித்து, அவள் இதயத்திலிருந்த ஓட்டையை ஆறு நிமிடங்களுக்குள் தைத்து மூடினார். தலைக்குச் செல்லும் குழாய்கள் கிளைக்கும் பெருந்தமனி வளைவையே மாற்றும் அறுவையில் இம்முறையைக் கையாண்டு வழிகாட்டியவர் ராண்டல் கிரீப். ஸ்டான்போர்டில் அவர் செய்த அறுவைகளின் விவரம் 1975-இல் வெளியாயிற்று.

நம் ஆசிரியருக்குச் செய்ததும் அதுவே. அவர் இரத்தத்தை இதய-நுரையீரல் இயந்திரத்தின் வழியே செலுத்திச் சிறிது சிறிதாகக் குளிர்வித்தனர். தலையைச் சுற்றிப் பனிக்கட்டி வைத்தனர். உடல் 18 பாகையை எட்டி, மூளையின் அலைகள் அடங்கிய பின்னரே இயந்திரத்தை நிறுத்தினர். அக்கணம் முதல் கடிகாரத்தைப் பார்த்து ஒருவர் நிமிடங்களை உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அக்குளிரில் ஏறத்தாழ அரை மணி நேரம் அச்சமில்லை. நாற்பதைத் தாண்டினால் மூளைக்கு ஆபத்து வளரும். தையல் முடிந்ததும் இரத்தத்தை மீண்டும் ஓடவிட்டு, மெல்ல மெல்லச் சூடேற்றினர். அதில் அவசரம் காட்டினாலும் மூளைக்குக் கேடு.

"அப்போது அவர் இறந்திருந்தாரா?" என்று கேட்டோம்.

மருத்துவர் சிரித்தார். "செத்தவருக்கு யாராவது நிமிடக் கணக்குப் பார்ப்பார்களா, ஃபாதர்? உயிர் இருந்ததால்தானே எங்களுக்கு அவ்வளவு பயம்!" என்றார். மேலும், உடல் குளிர்ந்திருக்கும்போது மூளைச்சாவு என்று எவரும் முடிவு செய்வதில்லை என்றும், முதலில் உடலைச் சூடேற்றிய பிறகே சோதிக்க வேண்டும் என்பது விதி என்றும் கூறினார். 1999-இல் நார்வே நாட்டில் பனிக்கட்டியின் அடியில் 80 நிமிடங்கள் சிக்கி, உடல் வெப்பம் 13.7 பாகைக்கு இறங்கிய பெண்மருத்துவர் ஒருவர் மீண்டு வந்ததையும் சொன்னார்.

திரும்பும் வழியில் நமக்கு வெட்கமாய் இருந்தது. மரணம் நிகழும் கணத்தைத் தீர்மானிப்பது மருத்துவரின் பொறுப்பேயன்றித் திருச்சபையின் பொறுப்பன்று என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957 நவம்பர் 24-ஆம் நாள் மயக்க மருத்துவர்களிடம் உரைத்ததைக் குருமடத்திலேயே படித்திருந்தோம். படித்திருந்தும், மருத்துவரை ஒரு வார்த்தை கேளாமல், உயிரோடிருந்த மனிதரைப் பீடத்தில் நின்று சாகடித்துவிட்டோம்!

அன்றிரவே ஆசிரியரிடம் சென்றோம். "வாத்தியார் ஐயா, தவறு என்னுடையது. நீங்கள் சாகவில்லை. உங்கள் மூளையை உறங்க வைத்துக் காத்திருந்தார்கள், அவ்வளவுதான். வாசலைத் தாண்டாதவர், உள்ளே யாரும் இல்லை என்று எப்படிச் சாட்சி சொல்ல முடியும்?" என்றோம்.

நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் என் மகள்?" என்றார்.

"அவளைப் பற்றி நீங்கள் எந்தச் செய்தியும் கொண்டுவரவில்லை, நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. முன்பு நின்ற இடத்தில்தான் நாம் இருவரும் நிற்கிறோம். காணாமலே நம்புகிறோம்" என்றோம். அதற்கு மேல் சொல்ல நம்மிடம் எதுவும் இல்லை. கதவோரம் நின்ற அம்மையார் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு, முன்பு சொன்னது பிழை என்று அதே பீடத்தில் நின்று அறிக்கையிட்டோம். வாசகக் குடும்பங்களுக்கும் அதையே சொல்ல விரும்புகிறோம். பெரிய அறுவையிலிருந்து மீண்டவரைச் 'செத்துப் பிழைத்தவர்' என்று வேடிக்கைக்கும் சொல்லாதீர்கள். அச்சொல் அவருள் என்ன செய்யும் என்பதை நாம் அறியோம்.

ஆசிரியர் உடனே ஆலயம் வந்துவிடவில்லை. நவம்பர் 2-ஆம் நாள் கல்லறை மந்திரிப்புக்குச் சென்றபோது, அவருடைய ஆர்மோனியத்தை இரு சிறுவர்கள் சுமந்து வந்துகொண்டிருந்தனர். அவர் பின்னால் மெதுவாக நடந்து வந்தார். மகளின் கல்லறை அருகே அதை இறக்கச் சொன்னார்.