மதுரையை முற்றுகையிட்ட எம்.பி.

கே.கே. நகர் ஆர்ச்சில் பஸ் ஏறினால் கோரிப்பாளையம், வைகைப் பாலம், சிம்மக்கல் என்று சுற்றிக்கொண்டுபோய் பெரியார் நிலையத்தில் இறக்கிவிடுவார்கள். அந்தப் பக்கம் ஆட்டோக்களுக்கும் கடைகளுக்கும் நடுவே மதுரைக் கோட்டையின் கொத்தளம் ஒன்று தப்பிப் பிழைத்து நிற்கிறது. நாயக்கர் கோட்டைக்கு மொத்தம் 72 கொத்தளம் என்பார்கள். 1763-இல் இந்த மதிலை உடைக்கப் படையோடு வந்து இறங்கிய தளபதி, அன்றைய தேதியில் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்.

பெயர் ஜார்ஜ் மான்சன். பிறப்பு 1730, முதலாம் மான்சன் பிரபுவின் இளைய மகன். லிங்கன் நகருக்குப் பக்கத்திலேயே குடும்ப எஸ்டேட். 24 வயதில் அந்தத் தொகுதியே கைக்கு வந்துவிட்டது. 1758-இல் டிரேப்பரின் 79-ஆவது ரெஜிமெண்டோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார். 1761 பொதுத்தேர்தலிலும் அவர்தான் ஜெயித்தார். ஆள் அப்போது ஊரிலேயே இல்லை! தொகுதிப் பக்கம் தலைகாட்டாத உறுப்பினர் என்று நாம் இன்று அலுத்துக்கொள்வதெல்லாம் இதன் முன் ஒன்றுமில்லை.

புதுச்சேரி முற்றுகையில் பலத்த காயம். தேறி எழுந்து, 1762-இல் மணிலாவைப் பிடித்த படையில் போய் நின்றார். அடுத்தது மதுரை.

இங்கே எதிரி, கும்பெனியே வளர்த்துவிட்ட கம்மந்தான் கான்சாகிப், அதாவது யூசுப்கான். ஆற்காட்டு நவாபோடு முறுக்கிக்கொண்டு, பிரெஞ்சுக் கொடியை ஏற்றிவிட்டுக் கோட்டைக்குள் உட்கார்ந்திருந்தார். மதிலைச் செப்பனிட்டுப் பலப்படுத்தியவரும் அவரே. முற்றுகைப் போர் என்பது பாதி மண்வேலை: குழி வெட்டி, மண்மேடு போட்டு, பீரங்கியை முழம் முழமாக மதிலுக்கு நகர்த்த வேண்டும். அதற்குள் ஐப்பசி பிறந்துவிட்டால், வெட்டிய குழியில் தண்ணீர், மருந்தில் ஈரம், சேற்றில் அச்சுவரை இறங்கிய வண்டி. வடகிழக்குப் பருவமழையைக் கணக்கில் வைக்காமல் வந்த மான்சன், ஒன்றும் முடியாமல் முற்றுகையை விலக்கிக்கொண்டார். மறுவருஷம் மேஜர் காம்ப்பெல் வந்தார். 1764 ஜூனில் அவர் நடத்திய தாக்குதலும் தோற்றது. கடைசியில் கோட்டையைத் திறந்துவிட்டது துரோகம்தான். பிரெஞ்சுக்காரன் மார்ஷாந்தும் கூட இருந்தவர்களும் அக்டோபரில் கான்சாகிப்பைக் கட்டிப் பிடித்துக் கொடுத்தார்கள். 15-ஆம் தேதி தூக்கு. சம்மட்டிபுரத்தில் தர்கா இருக்கிறது.

மான்சனை மறுபடி 1774-இல் கல்கத்தாவில் பார்க்கிறோம். கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸின் ஆலோசனைச் சபையில் கிளேவரிங், பிரான்சிஸ், மான்சன் மூவரும் ஒரே அணி. ஐவர் சபையில் அது பெரும்பான்மை. ஹேஸ்டிங்ஸ் லஞ்சம் வாங்கினார் என்று நந்தகுமார் கொண்டுவந்த புகாரைக் கைநீட்டி வாங்கிக்கொண்டவர்கள் இவர்கள். அதே நந்தகுமார் 1775 ஆகஸ்டில் மோசடி வழக்கில் தூக்குமேடை ஏறியபோது சும்மா இருந்தார்கள். மதுரைத் தோல்விக்கு மழையைச் சொல்லலாம். இதற்கு எதைச் சொல்வது?

1776 பிப்ரவரியில் மனைவி ஆன் இறந்தார். தாவரவியலில் தேர்ந்த பெண்மணி. லின்னேயஸ் ஒரு செடியினத்துக்கே 'மான்சோனியா' என்று பெயர் வைத்திருக்கிறார். செப்டம்பர் 25-இல் மான்சனும் போனார். சபையில் ஹேஸ்டிங்ஸின் கை ஓங்கியது.

மதுரை மதில் மட்டும் 1840-கள் வரை நின்றது. கலெக்டர் பிளாக்பர்ன், இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கே மனை என்று அறிவித்ததும், மதுரைக்காரர்களே கடப்பாரையோடு கிளம்பிவிட்டார்கள். அவர் பெயரில் விளக்குத்தூண் இருக்கிறது. வேலையில் துணைநின்ற மாரட்டுக்கும் பெருமாள் மேஸ்திரிக்கும் ஆளுக்கொரு வீதி.