மாணவர் வாங்கிய புத்தகங்கள்

யேல் பல்கலைக்கழகத்தின் பேச்சு வந்தாலே ‘ஸ்கல் அண்ட் போன்ஸ்’ என்ற ரகசியச் சங்கத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மண்டையோட்டுச் சின்னம், பூட்டிய கட்டடம், அங்கிருந்து வந்த அமெரிக்க ஜனாதிபதிகள் என்று பேச்சு நீளும். என் மனம் அதற்கு ஏறக்குறைய எண்பது ஆண்டு முன்னால் போய் நிற்கிறது. 1753இல் அங்கே லினோனியா என்றொரு இலக்கியச் சங்கம் பிறந்தது. 1768இல் அதற்குப் போட்டியாக ‘பிரதர்ஸ் இன் யூனிட்டி’ வந்தது.

அன்றைய வகுப்பில் மாணவனுக்கு முக்கிய வேலை, லத்தீனையும் கிரேக்கத்தையும் மனப்பாடம் செய்து ஆசிரியர் முன் ஒப்பிப்பது. நோட்ஸை ஒப்பித்தே தேறிய எனக்கு அவர்களுடைய பசி நன்றாகப் புரிகிறது. சங்கத்தில் அவர்கள் தங்கள் சொந்த மொழியில் வாதாடினார்கள், கட்டுரை படித்தார்கள், நாடகம் போட்டார்கள். பின்னாளில் உளவாளி என்று பிரிட்டிஷார் தூக்கிலிட்ட நேதன் ஹேல், லினோனியாவில் பேசி வளர்ந்த பையன்தான்.

எல்லாவற்றையும்விட என்னை ஈர்ப்பது அவர்களுடைய நூலகம். கல்லூரிக்குப் பெயர் தந்த எலிஹு யேல், நம் சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்தவர். 1718இல் அவர் அனுப்பிய நன்கொடையில் 417 புத்தகங்களும் இருந்தன. ஆனால் கல்லூரி நூலகம் இளைய மாணவர்களுக்கு எளிதில் திறக்காது. அதனால் சங்கத்து மாணவர்கள் சந்தா போட்டுப் புத்தகங்களைத் தாங்களே வாங்கினார்கள். கல்லூரி வாங்க நினைக்காத நாவல்களும் நாடகங்களும் அந்த அலமாரிகளில் சேர்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சங்கங்களின் நூலகங்கள் கல்லூரி நூலகத்துக்கு ஈடாக நின்றன. பதினெட்டு வயதுப் பிள்ளைகள் தங்கள் படிப்பைத் தாங்களே அமைத்துக்கொண்டார்கள். இதைவிடப் பெரிய சாதனையை அந்தக் கல்லூரியின் வரலாற்றில் நான் காணவில்லை.

ரகசியத்துக்கும் அன்று ஒரு நியாயம் இருந்தது. 1776 டிசம்பர் 5 அன்று வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் ‘ஃபை பீட்டா கப்பா’வைத் தொடங்கினார்கள். அதற்குத் தனிக் கைகுலுக்கல், பதக்கம், சத்தியப் பிரமாணம் எல்லாம் உண்டு. ஆசிரியர் காதில் விழாமல் பேச அவர்களுக்கு ஓர் அறை வேண்டியிருந்தது. ஆப்பிரிக்கரை அடிமை கொள்வது நியாயமா என்பதுகூட அங்கே வாதப் பொருளாயிற்று. அடிமை உழைப்பால் வாழ்ந்த வர்ஜீனியாவில் அந்தக் கேள்வியை எழுப்ப மூடிய கதவு தேவைப்பட்டிருக்கும்.

அந்தச் சங்கம் 1831இல் தன் ரகசியத்தைக் கைவிட்டது. மறு ஆண்டே யேலில் ஸ்கல் அண்ட் போன்ஸ் தோன்றியது. முன்பு கதவு மூடியது பேச்சைக் காக்க. இப்போது உள்ளே இருப்பதே பெருமையாகிவிட்டது. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

யேலின் பழைய இரு இலக்கியச் சங்கங்களும் 1870களில் ஓய்ந்தன. புத்தகங்கள் கல்லூரிக்குச் சேர்ந்தன. இன்று ஸ்டெர்லிங் நூலகத்தில் ஒரு வாசிப்பறை அவ்விரு பெயர்களையும் தாங்கி நிற்கிறது. யேலுக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகளிடம் அங்கே முதலில் போய் உட்காரச் சொல்கிறேன்.