பனியில் பிள்ளையின் முகம்

சுவிஸில் இருக்கிற எங்களுக்கு யுங்ஃபிராவ்யோக் புதிய இடமில்லை. ஊரிலிருந்து அம்மம்மா வந்தாலும், லண்டனிலிருந்து சித்தி குடும்பம் வந்தாலும் ஒருநாள் அங்கே கூட்டிக்கொண்டு போகாமல் விடமாட்டோம். 3,454 மீட்டர் உயரம். ஐரோப்பாவில் இதைவிட உயரத்தில் ரயில் நிலையம் கிடையாது. 1912இல் திறந்தது. ஐகர், மொன்ச் மலைகளைக் குடைந்த சுரங்கத்துக்குள்ளால் ரயில் ஏறி வரும். வெளியே வந்தால் அலெட்ச் பனியாறு, கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை.

சுவிஸ் கொடி பறக்கிற பனித்திட்டில் படம் எடுக்க எப்பவும் வரிசைதான். போன மாசியில் என் ஏழு வயது மகள் அங்கே சிரித்துக்கொண்டு நின்றாள். முதல் படத்தைத் திரையில் பார்த்தவள் கேட்டாள்: "அம்மா, மலை வடிவா இருக்கு. என்ரை முகம் ஏன் தெரியேல்லை? நான் கறுப்பு எண்டதாலயா?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லவேண்டியிருந்தது. "இல்லையம்மா, கமராவுக்குப் பனியைப் பார்த்துக் கண் கூசுது. அதுதான் எல்லாத்தையும் இருட்டாக்குது" என்றேன்.

உண்மையும் அதுதான். கமரா, தனக்கு முன்னால் இருப்பதெல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்தே வெளிச்சத்தை அளக்கிறது. பனி நிறைந்த காட்சியில் வெளிச்சம் கூடிவிட்டதென்று குறைத்துவிடும். பனி சாம்பலாகும், எங்கள் பிள்ளைகளின் முகம் நிழலாகும்.

செய்யவேண்டியது சுலபம். +/− அடையாளம் உள்ள பொத்தானை அழுத்தி, எக்ஸ்போஷரை +1 அல்லது +1.5க்குக் கூட்டுங்கள். முதுகுப்பக்கம் வெயில் என்றால், பகலானாலும் ஃபிளாஷ் போடுங்கள். இரண்டு மீட்டருக்குள் நின்றால் நல்லாக விழும். நிழலில் முகம் நீலம் பூத்தால் ஒயிட் பேலன்ஸை 'ஷேட்' என்பதற்கு மாற்றுங்கள். பனியாற்றுக்குள்ளே குடைந்த ஐஸ் மாளிகையிலும் முகம் நீலமாகத்தான் வரும். அங்கே நான் மாற்றுவதில்லை, அந்த நீலம் அந்த இடத்துக்குச் சொந்தம். குளிரில் பற்றரி கெதியாய் இறங்கும். மேலதிகமாக ஒன்றை உள்சட்டைப் பையில் வைத்திருங்கள்.

ஒன்றை மட்டும் நிறுத்திவிடுங்கள்: தோலை மெழுகி வெளுப்பாக்கும் 'பியூட்டி' வசதி. சில கமராக்களிலும் போன்களிலும் அது முதலே போட்டபடி இருக்கும். எக்ஸ்போஷரைக் கூட்டுவதும் வெளுப்பாக்குவதும் ஒன்றல்ல. முதலாவதில் பிள்ளை இருந்தபடி தெரிவாள். இரண்டாவதில் வேறு யாரோ தெரிவார்கள்.

இது இன்றைய கதையுமில்லை. பிலிம் காலத்தில், படம் கழுவும் இடங்களில் நிறம் சரிபார்க்க 'ஷெர்லி கார்ட்' என்று ஒன்று இருந்தது. அதில் பல வருடங்களாக இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. எங்கள் அம்மாக்களின் பழைய கலியாணப் படங்களைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது படத்தை மகளின் கையாலேயே +1.3க்குத் திருப்பவிட்டேன். பனி வெள்ளையாக வந்தது, அவள் மண்ணிறமாக வந்தாள், விழுந்த பல்லின் இடைவெளியும் தெரிந்தது. "இது நான்தான்" என்றாள்.

கீழே இறங்கியதும் அதைத் திரும்ப 0க்குக் கொண்டுவர மறக்காதீர்கள். இல்லாவிட்டால் புல்வெளிப் படமெல்லாம் வெளிறிப்போகும்.