பெயரறியா மாலுமி உறங்கும் ஊதா மலை

மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ சில மாதங்கள் தங்கி வர லண்டன் செல்வோர் இன்று நம் குடும்பங்களில் பலர். மணிக்கூண்டையும் அரண்மனை வாயிலையும் பார்த்துவிட்டு, மீதி நாட்களைச் சன்னலோரத்தில் கழித்துத் திரும்புவோரே அவர்களில் அதிகம். அடுத்த முறை ஆகஸ்டு மாதக் கடைசியில் அங்கிருக்க நேர்ந்தால், ஒரு பகற்பொழுதை ஒதுக்கி வையுங்கள். வாட்டர்லூ நிலையத்தில் போர்ட்ஸ்மவுத் இரயிலேறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஹேசல்மியர். அங்கிருந்து சிறிது தூரம் பேருந்தில் சென்றால் ஹிண்ட்ஹெட் குன்றுகள். சர்ரே மாவட்டத்தைச் சேர்ந்த இவ்விடத்தில் ஒரு வட்டப்பாதை இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடை, ஓரளவு ஏற்றம். அன்றாடம் நடந்து பழகிய கால்களுக்கு இது கடினமன்று. ஐம்பதைத் தாண்டிய முழங்கால்களோடு நானே நடந்திருக்கிறேன்.

புறப்படும் இடத்தின் பெயரைக் கேட்டு என் மாமியார் 'அஊது' ஓதிக்கொண்டார்கள். 'சைத்தானின் மதுக் கிண்ணம்' என்பதே அப்பெயரின் பொருள். மலைமேட்டின் நடுவே பெருங்கிண்ணம் போல் குடைந்து கிடக்கும் பள்ளத்தைக் கண்டு அக்காலத்து மக்கள் கட்டிய கதை அது. உண்மைக் காரணத்தைத் தண்ணீரிடம் கேட்க வேண்டும். மேலே மணற்கல், அதனடியில் நீர் இறங்காத களிமண். மணற்கல்லில் ஊறி இறங்கும் மழைநீர் களிமண்ணைத் தொட்டதும் ஊற்றாகக் கசிந்து, மேலிருக்கும் கல்லை அடியிலிருந்து அரிக்கிறது. அரித்து அரித்து, சரிந்து சரிந்து, இத்துணை பெரிய பள்ளம்!

விளிம்பில் நின்று பாருங்கள். கண்ணெட்டும் வரை முழங்கால் உயரப் புதர்கள். அவை முழுவதும் ஊதாப் பூக்கள். இதுவே ஹெதர். இடையிடையே கார்ஸ் என்னும் முட்செடியின் மஞ்சள் பூக்கள். இயற்கை தானே விரித்த கம்பளம் என்று நான் முதலில் எண்ணினேன், அது தவறு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மனிதர் காட்டை அழித்தனர். வளமற்ற மணல்மண்ணில் இப்புதர்வெளி உண்டாயிற்று. பின்னர் ஏழைகள் இங்கு ஆடுமாடு மேய்த்தும், அடுப்பெரிக்கப் புதர் வெட்டியும் அது காடாகாமல் காத்தார்கள். இப்பள்ளத்துக்குள்ளேயே குடியிருந்து, பிர்ச் மரக் கிளைகளாலும் ஹெதராலும் துடைப்பம் கட்டிப் பிழைத்த குடும்பங்களும் இருந்தன. மேய்ச்சல் நின்றதும் பிர்ச்சும் பைனும் முளைத்து வெளியை மூடத் தொடங்கின. 1906 முதல் நேஷனல் டிரஸ்ட் என்னும் அமைப்பின் உடைமையாய் இருக்கும் இம்மலையில், இன்று இளமரங்களை வெட்டி அகற்றுவதும் மாடுகளையும் மட்டக் குதிரைகளையும் மேய விடுவதும் அதனாலேயே. மரம் வெட்டுவோரைக் கண்டால் கோபம் கொள்ளாதீர்கள். தரையில் கூடு வைக்கும் நைட்ஜார் போன்ற பறவைகளுக்கு அந்த வெட்டவெளிதான் வீடு.

பாதை கிண்ணத்துக்குள் இறங்கியதும் ஊதா நிறம் மறைந்து பச்சை இருள் சூழும். ஓக், பிர்ச் மரங்கள்; இடுப்பளவு பெரணி; அடியில் சிற்றோடை. இறக்கம் வழுக்கும், ஆதலால் சகோதரிகள் நீண்ட அங்கியைச் சற்று உயர்த்திக் கட்டிக்கொண்டு, பிடிமானமுள்ள காலணி அணிவது நல்லது. காட்டைக் கடந்து வயலோரமாக வடக்கே நடந்தால் தர்ஸ்லி கிராமம் வரும். அதன் தேவாலய முற்றத்திலுள்ள ஒரு கல்லறையைக் காணவே உங்களை இவ்வளவு தூரம் நடக்க வைத்தேன்.

1786 செப்டம்பரில் ஒரு மாலுமி லண்டனிலிருந்து போர்ட்ஸ்மவுத்தில் நின்ற தன் கப்பலுக்குக் கால்நடையாகப் போய்க்கொண்டிருந்தான். இவ்வூர் விடுதியில் கையில் காசில்லாத மாலுமிகள் மூவரைச் சந்தித்தான். தன் தொழிலைச் சேர்ந்தவர்கள் என்று இரங்கி, அவர்களுக்கு உணவும் பானமும் வாங்கிக் கொடுத்து, வழித்துணையாகவும் சேர்த்துக்கொண்டான். மலை மேல் ஆளரவமற்ற இடத்தில் அந்த மூவரும் அவனைக் கொன்று, உடைகளைக் கழற்றிக்கொண்டு ஓடினர். அந்த உடைகளை விற்க முயன்றபோது பிடிபட்டனர். 1787 ஏப்ரலில் கொலை நடந்த மலையிலேயே தூக்கிலிடப்பட்டனர். அவர்கள் பெயர்கள் ஏட்டில் உள்ளன. கொலையுண்டவன் பெயர் மட்டும் எவருக்கும் தெரியவில்லை. கிராமத்தார் காசு சேர்த்து, யாரோ ஒரு தாயின் பிள்ளையை நல்லடக்கம் செய்து கல் நட்டார்கள்.

அக்கல்லின் முன் நான் நெடுநேரம் நின்றேன். என் வாப்பாவின் மூத்த சகோதரர், எங்கள் பெரிய வாப்பா, கப்பலேறி ரங்கூன் போனவர். இரண்டு கடிதங்கள் வந்தன. அதற்குப் பின் ஒன்றுமில்லை. அவரையும் ஏதோ ஓர் ஊரார் இப்படிக் காசு சேர்த்து அடக்கியிருப்பார்களா என்று எங்கள் வாப்பும்மா இறக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதில் சொல்ல எங்களிடம் எதுவும் இருக்கவில்லை.

தர்ஸ்லியிலிருந்து திரும்பும் வழி ஏற்றம், மெல்ல நடங்கள். முடிவில் நீங்கள் சேரும் மண்பாதையே அம்மாலுமி நடந்த பழைய வண்டிப்பாதை. அதன் ஓரத்தில் கொலையின் நினைவாக ஒரு கல் நிற்கிறது. சற்று மேலே 272 மீட்டர் உயரமுள்ள கிபெட் குன்று, அதாவது தூக்குமரக் குன்று. தூக்கிலிட்டதன் பின் இருட்டினால் எவரும் இப்பக்கம் வர அஞ்சினார்களாம். அந்த அச்சத்தைப் போக்க 1851-இல் நீதிபதி வில்லியம் ஏர்ல் என்பார் இங்கே ஒரு கற்சிலுவை நிறுவினார். வானம் தெளிந்திருந்தால் லண்டன் மாநகரின் உயர்ந்த கட்டடங்கள் இங்கிருந்து தெரியும். லுஹர் தொழுகைக்கு இதைவிடத் திறந்த இடம் வழியில் இல்லை. கிப்லா இங்கே தென்கிழக்கு. உளூவுக்கான தண்ணீரைக் கையோடு கொண்டு வாருங்கள். கட்டுச்சோறும் உங்களுடையதே ஆகட்டும். அடுப்பு மட்டும் மூட்டாதீர்கள். 2020 மே மாதம் பக்கத்துத் தர்ஸ்லி புதர்வெளியில் பிடித்த தீ பெரும்பரப்பைக் கரியாக்கியது. வெயிலில் சுருண்டு கிடக்கும் ஆடர் என்னும் விரியனுக்கும் சற்று வழிவிடுங்கள்; தானாக வந்து தீண்டாது.

குன்றிலிருந்து தொடங்கிய இடத்துக்குத் திரும்பும்போது, பள்ளத்தின் விளிம்பில் செல்லும் அகன்ற புல்வழியைக் கவனியுங்கள். 1826-இல் போடப்பட்ட இச்சாலையில் பிற்காலத்தில் இரவும் பகலும் வாகனங்கள் நெரிந்தன. 2011-இல் மலைக்கடியில் சுரங்கப்பாதை திறந்ததும் தாரைப் பெயர்த்து, மண்ணிட்டு, சாலையை மலைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இன்று அங்கே ஹெதர் பூத்திருக்கிறது.

திரும்பும் இரயில் வோக்கிங்கில் நிற்கும், இறங்கிவிடுங்கள். போபால் அரசி ஷாஜஹான் பேகத்தின் பொருளுதவியால் 1889-இல் எழுந்த பள்ளிவாசல் நிலையத்திலிருந்து நடை தூரம். மஃரிபுக்கு நேரமிருந்தால் முதலில் ஹார்செல் புதர்வெளிக்குச் செல்லுங்கள். உலகப் போர்களின்போது இறந்த இந்திய முஸ்லிம் படைவீரர்களுக்காக அமைத்த அடக்கத்தலம் அங்கிருக்கிறது. அவர்களின் உடல்களை 1960-களின் இறுதியில் புரூக்வுட்டுக்கு மாற்றிவிட்டார்கள். 2015-இல் அவ்விடம் தோட்டமாகச் சீரமைக்கப்பட்டது. 27 வீரர்களுக்கு 27 இமாலய பிர்ச் மரங்கள். கல்லில் ஒவ்வொருவர் பெயரும் பொறித்திருக்கிறது. என் மகள் அப்பெயர்களைச் சத்தமாக வாசிக்க, நான் ஒவ்வொன்றுக்கும் ஆமீன் சொன்னேன். கடைசியாகப் பெரிய வாப்பாவின் பெயரையும் அவள் சேர்த்துக்கொண்டாள்.